பழங்கட்டடத்துக்கு எந்தப் பணம் ஒத்துவரும்? தமிழ்நாட்டுப் பாரம்பரியக் குழுக்களுக்கான ஒப்பீடு

பழைய சத்திரத்தையோ, இடிந்துவரும் கற்றளியையோ, தூர்ந்துபோன தெப்பக்குளத்தையோ காப்பாற்றக் கிளம்பும் குழு முதல் கூட்டத்திலேயே கேட்பது, "அரசாங்கத்தில் எவ்வளவு கிடைக்கும்?" என்பதைத்தான். தொகையைப் பற்றிப் பேசுவதற்குமுன் இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். கட்டடம் யாருடையது? பணம் எந்த மாதத்தில் கைக்கு வரும்? எந்த வழி சரி, எது தொல்லை என்பதை இவையே பெரும்பாலும் முடிவுசெய்துவிடும். பத்து லட்சம் சரியான கையில் சரியான பருவத்தில் வந்தால் ஒரு மண்டபம் பிழைக்கும். அதே பத்து லட்சம் ஜனவரி கடைசியில் வந்து மார்ச் 31க்குள் செலவாக வேண்டும் என்றால், மண்டபத்தின் மேல் சிமென்ட் ஏறும்.

முதலில் உரிமை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நில உரிமையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும், நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டையும் பாருங்கள். ஊரார் சொல்வதை வைத்து விண்ணப்பம் எழுதக் கூடாது. "கோயில் இடம்" என்று தலைமுறையாகச் சொல்லப்படும் மண்டபம் பதிவேட்டில் சத்திரப் புறம்போக்காக இருக்கும். "பஞ்சாயத்துக் குளம்" என்பது அறநிலையத் துறைக் கோயிலின் பெயரில் இருக்கும். தவறான துறைக்குப் போன கோப்பு ஓராண்டு சுற்றிவிட்டு, "இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதும் சுமார் 3,690 சின்னங்கள் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றைப் பழுதுபார்க்கும் அதிகாரம் அந்தத் துறைக்கே உண்டு. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் வெளிக்குழு அங்கே ஒரு செங்கலைக்கூட வைக்க முடியாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. உங்கள் கட்டடம் பாதுகாக்கப்பட்டதாக இல்லாவிட்டாலும் இந்த வட்டத்துக்குள் விழுந்தால் பழுதுபார்க்கவே அனுமதி வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நன்கொடை திரட்டிவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் குழுக்கள் பல.

மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்கள் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கோயில்கள் பெரும்பாலும் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ். இரண்டு கை சேரும் இடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையிடம், வழிபாடு அரண்மனை தேவஸ்தானத்திடம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கையின் சம்மதத்தோடு மட்டும் வேலை தொடங்கினால் பாதியில் நிற்கும். சத்திரம், மணிக்கூண்டு, பழைய தாலுகா அலுவலகம் போன்றவை உள்ளாட்சி, வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை ஆகியவற்றில் ஏதோ ஒன்றிடம் இருக்கும். மீதி தனியாருடையது.

குழுவின் காகிதங்கள்

பதிவுபெற்ற அறக்கட்டளையா, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழான சங்கமா, லாப நோக்கற்ற 8ஆம் பிரிவு நிறுவனமா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. எதுவானாலும் ஆண்டுக் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். சங்கமாக இருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஒரே இடத்தில்தான். நிர்வாகக் குழு மாறியிருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 போட்டிருக்க மாட்டார்கள். மானியம் ஒப்புதலாகி வங்கி விவரம் கேட்கும்போது, பதிவாளர் கோப்பில் இருக்கும் செயலாளர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து வருமான வரிப் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ஒப்புதலும். புதிய அமைப்புக்கு இவை பெரும்பாலும் முதலில் தற்காலிகமாகவே கிடைக்கும். காலம் முடியுமுன் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறினால் பழைய நன்கொடைகளுக்கும் சிக்கல் வரும். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாக வாங்கும் நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடையாது. உண்டியல் வைத்துப் பெயரில்லாமல் வசூலித்தால், அறப்பணி அறக்கட்டளைகளுக்கு அந்தத் தொகையில் ஒரு வரம்புக்கு மேற்பட்டதற்கு 30 சதவீத வரி. மொத்த நன்கொடையில் 5 சதவீதம், அல்லது ரூ.1 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவே அந்த வரம்பு. உழவாரப் பணிக் குழுக்கள் ஊர்வசூலோடு தொடங்குவதால் இது அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். ஒவ்வொரு ரசீதிலும் பெயரும் முகவரியும் எழுதுங்கள்.

மத்திய அரசின் எந்த மானியத்துக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். கட்டணமில்லை. அமைப்பின் பதிவு, பான் விவரமும் நிர்வாகிகளின் பான், ஆதார் விவரமும் வேண்டும். இன்றே வாங்கி வைத்துவிடலாம்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் மானியங்கள்

பெயர்களைப் பார்த்துப் பலர் ஏமாறும் இடம் இது. கலா சம்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற குடையின் கீழ்த் தன்னார்வ அமைப்புகளுக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவை நிகழ்ச்சிகளுக்கும் ஆய்வுக்குமானவை. செங்கல், சுண்ணாம்பு, மரவேலை அவற்றில் இல்லை. கருத்தரங்கு, கண்காட்சி, சிறு கள ஆய்வு ஆகியவற்றுக்கான மானியத்தின் வழக்கமான உச்சம் ரூ.5 லட்சம். முதலில் 75 சதவீதம் வரும். மீதி 25 சதவீதம் வேலை முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு. அந்தக் கால் பங்கை உங்கள் கையிலிருந்து போட்டு, பல மாதம் காத்திருக்கத் தெம்பு வேண்டும். ரூ.4 லட்சம் ஒப்புதல் என்றால் ரூ.1 லட்சம் சொந்தப் பணம் இருப்பில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இந்தப் பணத்தோடு 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் சேர்ந்தே வருகின்றன. பயன்பாட்டுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மானியம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி உங்களுடையதல்ல. அரசுக்குத் திருப்ப வேண்டும். மானியத்தில் வாங்கிய கேமராவையோ ஸ்கேனரையோ அனுமதியில்லாமல் விற்க முடியாது. பொதுவான சேமிப்புக் கணக்கில் மானியத்தைப் போட்டுவிட்டு, வட்டியில் எது மானியத்தின் பங்கு என்று பிரிக்க முடியாமல் தடுமாறுவது வழக்கமான பிழை. ஒரு மானியத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டால் இது வராது. முந்தைய சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்த விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள்.

இவ்வளவு தொல்லைக்கு இது தகுமா? கட்டடத்துக்கு என்றால் இல்லை. ஆவணப்படுத்தலுக்கு என்றால் ஆம். அளவு வரைபடம், புகைப்படப் பதிவு, கல்வெட்டுகளின் மைப்படி (எழுத்தைத் தாளில் மையொற்றி எடுக்கும் படி), விரிசல்களின் வரைபடம் இவையெல்லாம் கையில் இருக்கும் குழுவுக்கு மற்ற எல்லா வழியும் எளிதாகிவிடும். ஓலைச்சுவடி, பழைய நூல்கள் வைத்திருக்கும் குழுக்களுக்குக் கதை வேறு. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கத்தின் பணியை, 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகள் என்ற இலக்கோடு விரிக்கிறது. சுவடிக்கு உரிமைத் தகராறு குறைவு, மழை வந்து வேலையைக் கெடுப்பதில்லை, முன்னேற்றத்தை ஏடு ஏடாக எண்ணிக் காட்டலாம். அரசு மானியத்தின் இயல்புக்கு இதைவிடப் பொருந்தும் வேலை பாரம்பரியத் துறையில் இல்லை.

அறநிலையத் துறை வழி

கோயில் என்றால் குழு மானியம் கேட்பதைவிட, செலவை ஏற்கும் உபயதாரராகப் போவதே நடைமுறை. பணத்தைக் கோயில் கணக்கில் செலுத்தித் துறையே வேலை செய்யலாம். அல்லது துறையின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் உபயதாரரே செய்யலாம். அரசின் பங்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில்களின் திருப்பணிக்கென 2022-23 பட்ஜெட்டில் ரூ.100 கோடி அறிவிக்கப்பட்டது. கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக் கோயில்களுக்கும் ஆண்டுதோறும் தலா சில லட்சம் நிதி தரப்படுகிறது. ஆனால் இந்தப் பணம் குழுவின் கைக்கு வராது, கோயிலுக்குப் போகும். உங்கள் வேலை கோப்பை நகர்த்துவதும் வேலையின் தரத்தைக் காப்பதும்.

கோப்பின் பாதை இப்படி. செயல் அலுவலர் அல்லது தக்காரின் (அறங்காவலர் இல்லாத கோயிலுக்குத் துறை நியமிக்கும் பொறுப்பாளர்) கோரிக்கை, ஸ்தபதியின் கருத்துரு, துறைப் பொறியாளரின் மதிப்பீடு, பிறகு வல்லுநர் குழுக்களின் பார்வை, கடைசியாக ஆணை. பழமையான கோயில் என்றால் மாநில அளவிலான வல்லுநர் குழுவரை போகும். இதில் தொல்லியல் அறிந்தவர்களும் இருப்பதால் நல்ல ஆவணம் வைத்த கோப்பு இங்கே வேகமாக நகரும்.

எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோயில்களில் பணமின்மையால் அழிந்ததைவிடப் பணம் வந்தபின் அழிந்தது குறைவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கையொட்டி 2017இல் யுனெஸ்கோ குழு தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துச் சொன்ன குறைகளும் இந்த வகைதான். மதிப்பீட்டில் ஐந்து வரிகளைத் தேடிப் படியுங்கள்.

"கற்சுவர் சுத்தம் செய்தல்" என்ற வரியில் முறை எழுதப்படாவிட்டால் அது மணல் வீச்சாக முடியும். கருங்கல்லின் மேற்தோல் உரிந்து, கல்வெட்டு எழுத்தும் மழுங்கும். தண்ணீர், நார்த் தூரிகை, மூங்கில் குச்சி என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். "தரை சமன்செய்து கல் பதித்தல்" என்பது அடுத்த ஆபத்து. பிரகாரத் தரையை ஓர் அடி உயர்த்தினால் அதிட்டானத்தின் (கோயிலின் அடிப்பீடம்) கீழ்வரிகள் கல்வெட்டோடு மண்ணுக்குள் போகும். மழைநீர் கருவறைப் பக்கம் திரும்பும். உயர்த்துவதற்குப் பதில் பழைய மட்டம்வரை தோண்டி எடுப்பதுதான் முறை. "விமானத் தளம் நீர்க்கசிவு தடுப்பு" என்றால் சிமென்ட் பூச்சா, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட பழைய முறைத் தளமா என்று கேளுங்கள். "சுதை (சுண்ணாம்புச் சிற்பம்) பழுதுபார்த்து வர்ணம்" என்ற வரியில் பழைய வண்ண அடுக்கை ஆராயாமல் எனாமல் அடிக்க இடம் இருக்கக் கூடாது. "சிதிலமடைந்த மண்டபம் அகற்றல்" என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். கல்லுக்கு எண் போட்டுப் பிரித்து அடுக்குவது வேறு, அகற்றுவது வேறு.

வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனியோ காசோ கிடைத்தால் குழு அதை எடுத்துப் பூட்டி வைக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி உடனே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் பூட்டி வைத்தவர்கள் காவல் நிலையத்தில் விளக்கம் சொன்னதுண்டு.

தேவாலயங்களின் பழுதுக்குச் சிறுபான்மையினர் நலத் துறை தரும் மானியத்தில், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு நாமே

பாரம்பரியக் குழுக்கள் அதிகம் கவனிக்காத வழி இது. தமிழ்நாடு அரசின் இந்தத் திட்டத்தில் பொதுமக்கள் பங்குத்தொகை போட்டால் மீதியை அரசு போடும். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. நீர்நிலைச் சீரமைப்புக்குப் பாதி. ரூ.30 லட்சத்தில் பழைய நூலகக் கட்டடம் என்றால் ரூ.10 லட்சம் திரட்ட வேண்டும். அதே தொகையில் குளம் என்றால் ரூ.15 லட்சம். பங்கு பாதியைத் தொட்டால் பங்களிப்பவர்களே வேலையைச் செய்யும் வாய்ப்பும் திறக்கிறது. பாரம்பரிய வேலைக்கு இந்தக் கடைசி வசதி பணத்தைவிடப் பெரிது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட்டால் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும். அவருக்குச் சுண்ணாம்பு அரைத்த அனுபவம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கு திரட்டிய குழு இன்னும் கொஞ்சம் முயன்று பாதியை எட்டிவிடுவது நல்லது.

குறை என்ன? கட்டடம் உள்ளாட்சியின் அல்லது அரசின் உடைமையாக இருந்தாக வேண்டும். மதிப்பீடு பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை ஒட்டியே போகும். அந்தப் பட்டியலில் சிமென்ட் பூச்சுக்கு விலை தெளிவாக இருக்கும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரைக்கு உள்ளூர் நிலவரப்படி விலைப் பகுப்பாய்வு தனியாகத் தயாரிக்க வேண்டும். நீற்றும் தொட்டி, ஊறவைக்கும் நாட்கள், அரவை, கொத்தனாரின் கூடுதல் கூலி எல்லாம் அதில் வரவேண்டும். இதை உதவிப் பொறியாளர் தானாகச் செய்வார் என்று காத்திருக்காமல், மூன்று விலைப்புள்ளிகளோடு குழுவே தயாரித்துக் கொடுத்தால் கோப்பு நகரும்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் சட்டமன்ற உறுப்பினர் நிதியும் இதன் பக்கத்து வீடு. உறுப்பினருக்கு விருப்பம் இருந்தால் வேகமாக வரும். வழிபாட்டுத் தலத்துக்கும் அதன் நிலத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் நிதியைச் செலவிட முடியாது என்பதால் கோயில் வேலைக்கு அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.

தேசியப் பண்பாட்டு நிதியமும் தத்தெடுப்பும்

இந்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இரண்டே கதவு. 1996இல், 1890ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் கீழ் உருவான தேசியப் பண்பாட்டு நிதியத்தில் நன்கொடையாளர் பணம் போடலாம். எந்தச் சின்னத்துக்கு என்று குறிப்பிடலாம். நிதியம், நன்கொடையாளர், வேலை செய்யும் துறை என மூன்று தரப்பும் ஒப்பந்தம் போட்டு, ஒரு செயலாக்கக் குழு அமைத்து நடத்தும். பழைய வரி முறையில் நன்கொடை முழுவதற்கும் விலக்கு. குழுவின் இடம் இங்கே தரகருடையது போன்றது: ஊர்ப் பெரிய நிறுவனத்தையும் துறையின் வட்ட அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது. கிடைப்பது செயலாக்கக் குழுவில் ஒரு நாற்காலி. சில வேளை அதுவும் இல்லை.

2017இல் சுற்றுலா அமைச்சகம் தொடங்கி, 2023 செப்டம்பரில் தொல்லியல் துறை புதுப்பித்த தத்தெடுப்புத் திட்டம் கழிப்பறை, குடிநீர், நடைபாதை, விளக்கு, வழிகாட்டிப் பலகை போன்ற வசதிகளுக்கானது. காலம் முதலில் ஐந்தாண்டு. கட்டடப் பழுது இதில் இல்லை. டெல்லி செங்கோட்டையை ஒரு சிமென்ட் நிறுவனம் ஐந்தாண்டுக்கு ரூ.25 கோடிக்கு எடுத்தபோது எழுந்த கூச்சலுக்கு இந்த வேறுபாடு புரியாததும் ஒரு காரணம். பெரிய நிறுவனத்துக்கு ஏற்றது. சிறு குழுவுக்கு அல்ல.

நிறுவன சமூகப் பொறுப்பு நிதி

இது அரசுப் பணமல்ல. அரசுச் சட்டம் கட்டாயப்படுத்திய பணம். ஒரு நிறுவனத்தின் நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டால் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஐந்தாவது இனம் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களையும் இடங்களையும் மீட்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. கும்பாபிஷேகச் செலவும் யாகசாலையும் அதில் அடங்கா. திட்ட அறிக்கையில் கட்டடப் பாதுகாப்பை மட்டும் எழுதுங்கள். சடங்குச் செலவை ஊர் ஏற்கட்டும்.

குழு சிஎஸ்ஆர்-1 படிவம் (இந்த நிதியை வாங்கும் அமைப்புகளுக்கான பதிவுப் படிவம்) போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். வருமான வரிப் பதிவும் 80ஜியும் இல்லாமல் எண் கிடைக்காது. அந்த நிறுவனமே நிறுவிய அறக்கட்டளையாக இல்லாத வெளிக்குழுவுக்கு மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். இரண்டு வயதுக் குழு என்ன செய்யும்? அனுபவமுள்ள அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து, அதன் பெயரில் பணமும் உங்கள் பெயரில் களப்பணியும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். எழுத்தில் இல்லாமல் நட்பில் செய்தால் வேலை முடிந்தபின் பெயர்ப்பலகையில் சண்டை வரும்.

இந்த வழியின் பெரிய பலம் காலம். "தொடர் திட்டம்" என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு தீர்மானித்துவிட்டால், அந்த ஆண்டில் செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். அரசு மானியம் எதிலும் இந்த மூச்சு விடும் இடம் இல்லை. ஆனால் தீர்மானத்தில் அந்தச் சொல் இருக்க வேண்டும். மார்ச் மாதம் "மிச்சப் பணம் இருக்கிறது, உடனே வாங்கிக்கொள்கிறீர்களா" என்று வரும் தொலைபேசி அழைப்பு ஓராண்டுப் பணத்துக்கானது. அதை ஆவணப்படுத்தலுக்கோ, மரமும் சுண்ணாம்பும் வாங்கிச் சேமிக்கவோ பயன்படுத்துங்கள். பூச்சு வேலையை அதில் தொடங்காதீர்கள்.

பலவீனம் உடைமை. இந்த நிதியில் உருவாகும் மூலதனச் சொத்து அறக்கட்டளையிடமோ, பயனாளிகளிடமோ, பொது அமைப்பிடமோதான் இருக்கலாம் என்பது விதி. தனியார் வீட்டைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் உரிமையாளர் அதை நீண்டகாலக் குத்தகைக்கு அறக்கட்டளைக்குக் கொடுத்து, பதிவும் செய்ய வேண்டும். பத்து வாரிசுள்ள செட்டிநாட்டு வீட்டில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அந்த ஒருவருக்காகவே திட்டம் நிற்கும். பணம் தேடுமுன் அவரைத் தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுக்கு மூன்றாண்டு இருப்பும், அந்த மூன்றாண்டில் முக்கியப் பணிக்கு ரூ.15 லட்சம் செலவிட்ட கணக்கும் வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்கே முதலில் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. அந்நியக் குடியுரிமை பெற்ற ஊர்க்காரர் ஒருவர் நேரடியாகக் குழுக் கணக்குக்கு அனுப்பும் ஐயாயிரமும் இந்தச் சட்டத்துக்குள் வருவதே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் வராது.

பணத்தின் நாட்காட்டியும் சுண்ணாம்பின் நாட்காட்டியும்

சுண்ணாம்பை நீற்றி இரண்டு மூன்று வாரமாவது ஊறவிட வேண்டும். பூச்சு ஒரு அடுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். அது இறுகாமல் அடுத்தது வைத்தால் வெடிக்கும். கோணிச் சாக்கு நனைத்துப் போட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது. அதை அவசரப்படுத்த வழியில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. திறந்த தளத்தில் வேலை நடக்காது. ஆக, தமிழ்நாட்டில் வெளிப்பூச்சுக்கும் தளத்துக்கும் நல்ல காலம் ஜனவரியிலிருந்து செப்டம்பர்வரை. கோடை உச்சத்தில் நிழற்பந்தல் கட்டினால் சமாளிக்கலாம்.

மானிய ஆணையோ பெரும்பாலும் நிதியாண்டின் பின்பாதியில் வருகிறது. செலவு மார்ச் 31க்குள் முடிந்தாக வேண்டும். கையில் எட்டு வாரம் இருக்கும். எட்டு வாரத்தில் முடியும் பொருள் சிமென்ட். பழைய செங்கலைவிடக் கடினமான, ஈரம் வெளியேற விடாத சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் நீர் தேங்கி, உப்புப் பூத்து, மூன்று நான்கு மழைக்காலத்தில் செங்கல் முகம் பொரிந்து உதிரும். பூச்சு நிற்கும், சுவர் போயிருக்கும். பொறியாளரின் அறியாமை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த எட்டு வாரக் கணக்குதான். நாட்காட்டியைப் பிரித்துப் போடுங்கள்: ஆண்டுக்குள் முடிய வேண்டிய மானியத்தில் முட்டுக்கொடுத்தல், செடி வேர் அகற்றல், வடிகால், ஆவணம். மூன்றாண்டு ஓடும் பணத்தில் பூச்சு, தளம், சுதை.

மதிப்பீட்டில் ஜிஎஸ்டியை மறப்பது அடுத்த பொதுப் பிழை. வரலாற்றுச் சின்னங்களில் அரசுக்குச் செய்யும் ஒப்பந்த வேலைக்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது, 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். ரூ.20 லட்சம் வேலைக்கு ரூ.3.60 லட்சம் வரி. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரிடம் வேலை கொடுத்துவிட்டு இதை மதிப்பீட்டில் காட்டாவிட்டால், கடைசித் தவணையில் கைப்பிடிச் சுவரும் வடிகாலும் வெட்டுப்படும். வடிகாலை வெட்டிய வேலை, மழைக்குத் திறந்துவிட்ட வேலை.

அப்படியானால் எது?

அறநிலையத் துறைக் கோயில், குழு புதிது, கையில் ரூ.3 லட்சம் என்றால்: மானியம் தேடி அலைய வேண்டாம். அந்தத் தொகையில் அளவு வரைபடமும் கல்வெட்டுப் படியும் புகைப்படப் பதிவும் செய்து, துறைக்கு உபயமாகக் கொடுங்கள். வல்லுநர் குழுவுக்குப் போகும் கோப்பில் உங்கள் வரைபடமே அடிப்படையாகிவிட்டால், மேலே சொன்ன ஐந்து வரிகளையும் மாற்றும் வலிமை அதற்கு உண்டு. மூன்று லட்சத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தால் அந்த வலிமை கிடைக்காது.

பேரூராட்சிக் குளமோ சத்திரமோ என்றால் நமக்கு நாமே, பாதிப் பங்கோடு. நிறுவனத்திடம் வாங்கும் சமூகப் பொறுப்பு நிதியையே மக்கள் பங்காகக் காட்டலாமா என்பதை ஆட்சியர் அலுவலகத்திலும் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு செய்யுங்கள். இரண்டு பணமும் சேர்ந்தால் மிகச் சிறிய குழுவும் பெரிய வேலை எடுக்கலாம்.

தனியார் வீடு என்றால் நிறுவன நிதியைத் தவிர வேறு வழி கிட்டத்தட்ட இல்லை. அதுவும் குத்தகைப் பத்திரம் பதிவான பிறகே. சுவடி, பழைய நூல், புகைப்படம் என்றால் மத்திய மானியத்துக்கு முதலில் போங்கள். இந்தியத் தொல்லியல் துறைச் சின்னம் என்றால் உங்கள் பணத்தை அங்கே போட முயலாமல், சின்னத்தைச் சுற்றிய 300 மீட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பில்லாத மண்டபங்களையும் குளங்களையும் பட்டியலிடுங்கள். விதி கடுமையாக இருப்பதால் அவற்றை யாரும் தொடுவதில்லை, தொடாததாலேயே இடிகின்றன. பழுதுபார்க்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க உரிமையாளருக்கு உதவுவதற்கு வரைபடச் செலவுதான் ஆகும்.

எந்த வழியானாலும் முதல் கடிதத்தோடு மூன்று தாள் இணையுங்கள்: 'அ' பதிவேட்டின் நகல், தேதியிட்ட பன்னிரண்டு புகைப்படம், உரிமையாளர் அல்லது துறையின் ஆட்சேபணையின்மைக் கடிதம். மூன்றாவது கிடைக்கத்தான் நாளாகும். அதனால் அதை முதலில் கேளுங்கள்.